அனிமே என்றொரு மூச்சு

செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ராஜகிரியைக் குறிவைத்தே நடக்கிறார்கள். கல்யாண மகால், நெற்களஞ்சியம், மூச்சிரைக்க வைக்கும் படிகள், உச்சியில் முகத்தில் அறையும் காற்று. அதோடு திரும்பிவிடுகிறார்கள். கீழ்க்கோட்டையில் இருக்கும் வேங்கடரமணர் கோயில் பக்கம் எட்டிப் பார்க்கிறவர்கள் குறைவு. 16-ஆம் நூற்றாண்டில் நாயக்கர் காலத்தில் எழுந்த கோயில் அது. அதன் நெடிய ஒற்றைக்கல் தூண்களில் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள்; கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை அவைதான். கோபுர வாசலுக்குள் நுழைந்து சுவரைப் பார்த்தால் சின்னச் சின்னக் கட்டங்களாக, ஒன்றின் மேல் ஒன்றாகச் சிற்பங்கள். ராமாயணம், பாற்கடல் கடைவது, திருமாலின் அவதாரங்கள். ஒரு கட்டம், ஒரு காட்சி.

“காமிக்ஸ் மாதிரியே இருக்கே மாமா” என்றான் அக்கா மகன். பத்தாம் வகுப்பு முடித்தவன். அவன் சட்டையின் முதுகில் வைக்கோல் தொப்பி போட்ட ஒரு பையன் எல்லாப் பல்லையும் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“உன் முதுகுல இருக்கிற கார்ட்டூன் மாதிரியா?”

“கார்ட்டூன் இல்ல மாமா. அனிமே.”

“சரி, அனிமேன்னா என்ன?”

“ஜப்பான் கார்ட்டூன்.”

சொல்லி முடித்ததும் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அந்தக் கேள்வி திண்டிவனம் பேருந்து ஏறிய பிறகும் விடவில்லை. இந்தச் சொல்லுக்கு என்னதான் பொருள்? தேடப் புறப்பட்டால் அது ஜப்பானில் நிற்காமல் ரோமாபுரிக்குப் போய், அங்கிருந்து நம் சித்த மருத்துவரின் திண்ணை வரைக்கும் இழுத்துக்கொண்டு வருகிறது.

முதலில் எளிய பகுதி. ஆங்கிலத்தில் அனிமேஷன். ஜப்பானிய எழுத்தில் அதை அ-னி-மே-ஷொ-ன் என்று நீட்டி எழுத வேண்டும். அவ்வளவு நீளமான அயல்சொல்லை ஜப்பானியர் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள், கத்தரித்துவிடுவார்கள். டெலிவிஷன் அங்கே ‘தெரெபி’. பர்சனல் கம்ப்யூட்டர் ‘பசொகொன்’. கரோக்கேயில் முதல் பாதி ‘வெறும்’ என்று பொருள்படும் ஜப்பானியச் சொல், மறு பாதி வால் வெட்டப்பட்ட ஆர்கெஸ்ட்ரா. போகிமான் என்பது பாக்கெட் மான்ஸ்டர். அதே கத்தரிதான் அனிமேஷனில் ஷொன்னையும், மேயின் நீட்டலையும் வெட்டி ‘அனிமெ’ ஆக்கியது. நாமும் சளைத்தவர்கள் இல்லை. செல்ஃபோனில் ஃபோனை விட்டுவிட்டுச் ‘செல்’லை மட்டும் வைத்துக்கொண்டவர்கள்தானே.

ஜப்பானியர் குறுக்கிய மெ தமிழில் மறுபடி நீண்டு மே ஆகிவிட்டதைக் கவனித்தீர்களா? அதற்குக் காரணம் நம் இலக்கணம். மெய்யோடு சேர்ந்த எகரக் குறில் தமிழ்ச் சொல்லின் கடைசியில் வராது. கெ, செ, மெ என்று முடியும் ஒரு தமிழ்ச்சொல்லைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. அதனால் நம் நாக்கு யாரையும் கேட்காமல் அதை அனிமே ஆக்கிவிட்டது. ஜப்பானியர் வெட்டிய நீட்டலை இலக்கணமே ஒட்டவைத்துவிட்டது. போகட்டும், 2007-இல் முழுநீள முப்பரிமாண அனிமேஷன் படம் ஒன்று தமிழில் வந்தது. அதன் பெயர் ‘இனிமே நாங்கதான்’, இசை இளையராஜா. அந்த இனிமேக்கும் இந்த அனிமேக்கும் எதுகையைத் தவிர வேறு உறவில்லை.

ஜப்பானில் இந்தக் கலைக்கு முதலிலேயே அனிமே என்று பெயர் இருந்ததில்லை. 1917-இல் ஷிமோகாவா, கோவுச்சி, கிதாயாமா என்ற மூவர் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தனித்தனியாக முதல் படங்களை எடுத்தார்கள். அவற்றில் கோவுச்சியின் படம், மொண்ணை வாளை வாங்கி ஏமாந்த ஒரு சாமுராயின் கதை, தொலைந்துபோனதாகக் கருதப்பட்டு 2008-இல் ஒசாக்காவில் பழம்பொருள் சந்தை ஒன்றின் வழியாக வெளிச்சத்துக்கு வந்தது. அந்தக் காலத்தில் இவற்றைக் கோட்டுப்படம் என்றார்கள். ‘மங்கா எய்கா’, அதாவது வேடிக்கைச் சித்திர சினிமா என்றார்கள். பிறகு ‘தோகா’ என்ற சொல் வந்தது. தோ என்றால் அசைவு, கா என்றால் படம். அசைபடம். 1956-இல் தொடங்கிய பெரிய நிறுவனத்தின் பெயரே தோயெய் தோகா. 1998-இல் அது தோயெய் அனிமேஷன் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதற்குள் அனிமெ ஜெயித்திருந்தது. 1978-இல் வெளிவரத் தொடங்கிய ரசிகர் இதழுக்கு ‘அனிமேஜ்’ என்று பெயர் வைக்கும் அளவுக்குச் சொல் ஊறியிருந்தது. இன்று ஜப்பானில் தோகா என்றால் இணையத்தில் ஓடும் சாதாரண வீடியோ.

அக்கா மகன் மாட்டிக்கொண்ட இடம் இதற்கு அடுத்தது. ஜப்பானியருக்கு அனிமெ என்றால் எல்லா அனிமேஷனும்தான். டாம் அண்ட் ஜெர்ரியும் அனிமெ, டிஸ்னியும் அனிமெ. ‘ஜப்பானிய பாணிப் படம்’ என்ற பொருள் அந்தச் சொல் கடல் தாண்டிய பிறகு ஒட்டிக்கொண்டது. அமெரிக்க ரசிகர்கள் ஒரு காலத்தில் ‘ஜப்பானிமேஷன்’ என்று ஒரு கலப்புச் சொல்லைச் சொல்லிப் பார்த்தார்கள், அது நிலைக்கவில்லை. ஜப்பானியர் வெட்டிய வடிவத்தையே திருப்பி எடுத்து, அதற்குப் புதிய எல்லை போட்டார்கள். ஆங்கிலம் கடன் கொடுத்த சொல் உருமாறித் திரும்பிவந்தபோது, ஆங்கிலமே அதை அயல்சொல்லாகச் சேர்த்துக்கொண்டது.

செஞ்சியில் இருந்து பார்த்தால் இதில் வியப்பில்லை. இந்தக் கோட்டையைப் பிடித்தவர்கள் எல்லாம் அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். பீஜப்பூர் சுல்தான் ஆட்சியில் அது பாதுஷாபாத். 1677-இல் சிவாஜி பிடித்தார். மராட்டியர் வாயில் சந்தி, சிந்தி என்றெல்லாம் திரிந்தது. 1698-இல் முகலாயத் தளபதி சுல்பிகர் கான் பிடித்ததும் நுஸ்ரத்கட். 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர். அவர்கள் எழுதிய எழுத்தைப் படித்தவன் ஜிஞ்சி என்றான். கோட்டை அதே மூன்று மலையில் அப்படியே இருந்தது.

பிரெஞ்சுக்காரர் என்றதும் இன்னொன்று. அனிமே என்ற சொல் பிரெஞ்சில் இருந்தே ஜப்பானுக்குப் போனது என்று சொல்வோர் உண்டு. பிரெஞ்சில் கார்ட்டூன் படத்துக்கு ‘தெஸ்ஸான் அனிமே’ என்று பெயர். உயிரூட்டப்பட்ட சித்திரம் என்று பொருள். புதுச்சேரியில் பிரெஞ்சு பேசும் வீடுகளில் இந்தச் சொல் சாதாரணம். ஒலி அச்சாகப் பொருந்துவதால் கதை நம்பும்படி இருக்கிறது. ஆனாலும் ஜப்பானியரின் கத்தரிப் பழக்கத்தைப் பார்த்தவருக்கு இந்தச் சுற்றுவழி தேவைப்படாது. அகராதிக்காரர்கள் பெரும்பாலும் ஆங்கில அனிமேஷன் பக்கமே நிற்கிறார்கள். நானும் அங்கேதான் நிற்கிறேன்.

இன்னும் ஒரு அனிமே இருக்கிறது. பழைய ஆங்கில அகராதியைப் புரட்டினால் இதே எழுத்துகளில் ஒரு சொல் தென்படும், பொருள், மரப்பிசின். வார்னிஷ் காய்ச்சப் பயன்பட்ட பிசின் வகைகளுக்கு வணிகர்கள் வைத்த பெயர் அது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் கிடைக்கும் வெள்ளைக் குங்கிலியத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். படத்துக்குப் பளபளப்பு கொடுத்த அனிமேக்கும் படத்தை ஓடவைத்த அனிமேக்கும் ரத்த உறவு கிடையாது. வழியில் கண்ணில் பட்டதால் சொன்னேன்.

இனி வேருக்குப் போவோம். ஆங்கில அனிமேஷன் லத்தீனில் இருந்து வந்தது. அங்கே ‘அனிமா’ என்றால் மூச்சு, காற்று, உயிர். அனிமேஷன் என்றால் உயிர் கொடுத்தல். படம் ஓடுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே அந்தச் சொல் அந்தப் பொருளில் வழங்கியது. சினிமாக்காரர்கள் பிறகு எடுத்துக்கொண்டார்கள். லத்தீனும் கிரேக்கமும் சமஸ்கிருதமும் ஒரே மொழிக்குடும்பம் என்பது தெரிந்ததுதான். மூச்சு விடுவதைக் குறிக்கும் பழைய வேர் ஒன்று மூன்றிலும் கிளைத்திருக்கிறது. சமஸ்கிருதத்தில் அது ‘அன்’. அதன் முன்னால் ‘பிர’ சேர்ந்தால் பிராணன்.

சித்த மருத்துவத்திலும் யோகத்திலும் சொல்லும் வாயுக்களை நினைத்துப் பாருங்கள். பிராணன், அபானன், வியானன், உதானன், சமானன். ஐந்திலும் அந்த ‘அன்’ ஒளிந்திருக்கிறது. முன்னொட்டுகள்தான் வேறு, உள்ளே ஓடும் மூச்சு ஒன்று. காற்றுக்கு ‘அனிலம்’ என்றொரு பெயர் நம் நிகண்டுகளில் உண்டே, அதுவும் இந்தக் குடும்பம்தான். கிரேக்கத்தில் ‘அனெமோஸ்’ என்றால் காற்று. காற்றின் வேகத்தை அளக்கும் அனிமோமீட்டருக்குப் பெயர் அங்கிருந்து வந்தது. அந்தக் கருவியை ராஜகிரி உச்சிக்கு எடுத்துப் போனால் நல்ல வேலை கொடுக்கலாம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொரு ஜோடி. லத்தீனில் அனிமா உள்ளது, அதாவது மூச்சுள்ளது, அனிமல். நம்மிடம் பிராணன் உள்ளது பிராணி. இரண்டு மொழிகள், ஒன்றையொன்று கேட்காமல், ஒரே வேரில் இருந்து, ஒரே தர்க்கத்தில் விலங்குக்குப் பெயர் வைத்திருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் ‘அனிமல் என்றால் பிராணி’ என்று மனப்பாடம் செய்தபோது அது பங்காளி வீட்டு அறிமுகம் என்று யாரும் சொல்லவில்லை.

ஒலியை மட்டும் நம்பினால் வழுக்கிவிடும் என்பதற்கு இரண்டு எச்சரிக்கைகள். அனிமா என்றதும் நமக்கு ஆன்மா நினைவுக்கு வரும். ஒலியும் ஒட்டுகிறது, பொருளும் ஒட்டுகிறது. ஆனால் வேர் வேறு. ‘ஆத்மன்’ என்ற சொல்லின் உறவுக்காரர் ஜெர்மன் மொழியில் மூச்சு விடுவதைக் குறிக்கும் ‘ஆட்மென்’. இரண்டாவது, அட்டமா சித்திகளில் முதலாவதான அணிமா. அது அணுவில் இருந்து வந்தது. அணுவளவு சிறிதாகும் ஆற்றல். மூச்சோடு அதற்குத் தொடர்பில்லை. ஜப்பானியத் தொலைக்காட்சி அனிமேயின் பாதையைப் போட்ட படத்தின் நாயகன் பெயர் மட்டும் ‘அதோமு’. அணு! எழுதிவைத்த மாதிரி அமைந்த தற்செயல், அவ்வளவுதான்.

தமிழுக்கு இந்த ‘அன்’ இரவல். பிராணனும் பிராணியும் வந்து சேர்ந்தவை. நம் சொந்தச் சொல் உயிர். தமிழ் சமஸ்கிருதத்தில் இருந்து பிறந்ததல்ல, தனிக் குடும்பம் என்று சென்னையில் இருந்த எல்லிஸ் 1816-இலேயே எழுதினார். அந்தத் தனிக் குடும்பத்தில் உயிர் என்ன செய்கிறது? உயிர்த்தல் என்றால் மூச்சு விடுதல். பெருமூச்சுக்குப் பழைய சொல் நெட்டுயிர்ப்பு. விழுப்புரம் பக்கம் பேச்சில் ‘உசுரு’. கன்னடத்தில் ‘உசிரு’ என்றால் இன்றும் மூச்சு. ஆக, பங்காளி உறவே இல்லாத குடும்பத்திலும் மூச்சும் உயிரும் ஒரே சொல்தான். ஜப்பானிய மொழி இரண்டுக்கும் சேராதது. அங்கே மூச்சு ‘இகி’, வாழ்வது ‘இகிரு’. மூக்கின் முன்னால் கை வைத்துப் பார்த்து உயிர் இருக்கிறதா இல்லையா என்று சொல்வது உலகப் பொதுவான சோதனை. மொழிகள் அதை அப்படியே பதிவு செய்துவிட்டன.

தமிழ் இதில் ஒரு படி மேலே போனது. எழுத்துக்கே உயிர், மெய் என்று பெயர் வைத்தது. மெய் என்றால் உடம்பு. மெய் தானாக இயங்காது, அகரம் சேர்ந்தால்தான் இயங்கும் என்பது தொல்காப்பியம் சொல்லும் இலக்கணம். ‘இயக்கம்’ என்பது அங்கே ஆளப்படும் சொல். அசையாத உடம்பு, அதற்குள் புகுந்து அதை இயக்கும் மூச்சு. அனிமேஷனுக்கு இதைவிட நல்ல வரையறையை நான் படித்ததில்லை. சொன்னவர் எழுத்திலக்கணம் எழுதிக்கொண்டிருந்தார் என்பதுதான் வேடிக்கை.

ஜப்பானியரின் எழுத்தும் உயிர்மெய் எழுத்துதான். அனிமெக்கு அவர்கள் எழுதுவது மூன்றே எழுத்து; ஒரு உயிர், இரண்டு உயிர்மெய். அந்த எழுத்துகளை அடுக்கும் வரிசை அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கிக் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று போகிறது. நமக்குப் பழகிய வரிசை மாதிரி இருக்கிறதே என்றால், காரணம் இருக்கிறது. பௌத்தத் துறவிகள் சித்தம் என்ற இந்திய எழுத்துமுறையைப் படித்து, அதன் ஒலி ஒழுங்கை ஜப்பானிய எழுத்துக்குப் பொருத்தினார்கள். நடுவில் ‘ஹ’ மட்டும் இடறுகிறதா? பழைய ஜப்பானிய மொழியில் அது ப. இப்போது சொல்லிப் பாருங்கள்: க, ச, த, ந, ப, ம, ய, ர, வ.

சொல் உயிரைச் சொல்கிறது. தொழில் அசைவைச் செய்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அனிமே தன் பாணியைக் கண்டுபிடித்தது.

அசைவு என்பது கண் செய்வதைவிட மூளை செய்யும் வேலை. 1878-இல் அமெரிக்காவில் மைபிரிட்ஜ் என்பவர் ஓடும் குதிரையின் பாதையில் 12 கேமராக்களை வரிசையாக வைத்துப் படமெடுத்தார். குதிரையின் நான்கு காலும் ஒரு கணம் தரையை விட்டு எழும்புகின்றன என்பது அப்போது நிரூபணமானது. தேசிங்குராஜன் கதைப்பாடலைக் கேட்டு வளர்ந்த செஞ்சிக்காரனுக்கு அதில் என்ன சந்தேகம் இருந்திருக்கும்? அந்தப் பாட்டில் வரும் தேசிங்கின் குதிரை வானத்திலேயே பாய்ந்தது! மைபிரிட்ஜின் படங்களை வேகமாக மாற்றிக் காட்டினால் குதிரை ஓடியது. விழித்திரையில் பிம்பம் தங்குவதால் இப்படி என்று பாடப்புத்தகங்கள் நெடுநாள் சொல்லிவந்தன. அது போதாத விளக்கம். 1912-இல் மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் இரண்டு கோடுகளை மாறிமாறித் தோன்றவைத்தார். பார்த்தவர்கள் ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்ந்ததாகச் சொன்னார்கள். நடுவில் எதுவும் இல்லை. இல்லாததை நிரப்பியது மூளை.

முன்னே சொன்ன அதோமுவைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்த ஒசாமு தெஸுகா பயன்படுத்திக்கொண்டது இந்த நிரப்பலைத்தான். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும். தொலைக்காட்சித் தொடரில் வாரம் ஒரு பகுதி, ஒவ்வொன்றும் 25 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 1,500 நொடி. சட்டத்துக்கு ஒரு படம் வரைந்தால் 36,000 படங்கள். ஒரு படத்தை இரண்டு சட்டத்துக்கு நிறுத்தினாலும் 18,000. ஒரு வாரத்தில் யாரால் முடியும்? 1963 ஜனவரி 1 அன்று ‘தெத்சுவான் அதோமு’, இரும்புக்கை அணு, தொலைக்காட்சியில் தொடங்கியபோது தெஸுகாவின் கூடம் ஒரு படத்தை மூன்று சட்டத்துக்கு நிறுத்தியது. பல இடங்களில் அசைவையே நிறுத்தியது. முகம் அப்படியே இருக்கும், வாய் மட்டும் திறந்து மூடும். ஆள் அசையாமல் நிற்பான், பின்னணி ஓடும். ஒருமுறை வரைந்த ஓட்டத்தை எடுத்துவைத்து அடுத்த கதையிலும் ஓடவிட்டார்கள். டிஸ்னி ரசிகர்கள் இதைப் படமா என்று கேட்டார்கள். பார்த்த பிள்ளைகள் கேட்கவில்லை. அசைவில் மிச்சம் பிடித்ததைத் தெஸுகாவின் கூடத்தார் பாத்திரங்களின் கண்ணில் செலவழித்தார்கள். பெரிய கண், அதில் ஒளிப்புள்ளி, அது நடுங்கினால் அழுகை.

கண் வைத்தால் உயிர் வந்துவிடும் என்பது ஜப்பானுக்கும் நமக்கும் பழைய பாடம். கி.பி. 752-இல் நாராவில் மாபெரும் புத்தர் சிலைக்குக் கண் திறந்தார்கள். தூரிகை எடுத்துக் கண்மணி எழுதியவர் போதிசேனர். 736-இல் ஜப்பான் போய்ச் சேர்ந்த இந்தியத் துறவி. தூரிகையில் கட்டிய நீண்ட நீல நூலை அரச குடும்பத்தாரும் மற்றவர்களும் பிடித்துக்கொண்டு நின்றார்கள், எல்லோருமே கண் எழுதிய புண்ணியம் சேரட்டும் என்று. அந்தத் தூரிகையும் நூலும் நாராவில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. ஜப்பானில் உயிரூட்டலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் 1917-இல் தொடங்குகிறார்கள். நான் எழுதினால் 752-இல் தொடங்குவேன்.

நம் பக்கம் சிற்பி கடைசியாகச் செய்வது கண் திறப்பது. செஞ்சியில் இருந்து தெற்கே போனால் கூவாகம். சித்திரையில் கூத்தாண்டவர் விழாவில் சுவாமி திருக்கண் திறத்தல் என்றே ஒரு நிகழ்ச்சி உண்டு. அதன் பிறகுதான் திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்வார்கள். கூத்தாண்டவர் என்பது அரவான். களப்பலியான பிறகும் வெட்டுண்ட தலை பதினெட்டு நாள் போரையும் பார்த்தது என்பது இந்த மண்ணின் பாரதக் கதை. உடம்பு இல்லை, அசைவு இல்லை, விழித்த கண் மட்டும் போதும், உயிர் இருக்கிறது. தெஸுகா கேட்டிருந்தால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

கோட்டைக்குப் பக்கத்திலேயே மேலச்சேரி. பழைய செஞ்சி அதுதான் என்பார்கள். அங்கே உள்ள திரௌபதி அம்மன் கோயிலைத் தாய்க்கோயிலாகக் கருதும் ஊர்கள் பல. ஆல்ஃப் ஹில்டபைடல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1988-இல் வெளியிட்ட பெரிய நூலின் தலைப்பிலேயே ‘செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை’ என்று வழி போட்டுவைத்தார். இந்த வட்டாரத்தில் பாரதம் பதினெட்டாம் நாள் படுகளம். வெட்டவெளியில் களிமண்ணால் துரியோதனன் மல்லாந்து கிடப்பான். ஆள் உயரத்தைப் போலப் பல மடங்கு. கூத்துக்கட்டிய பீமனும் துரியோதனனும் அந்த மண்ணுடம்பைச் சுற்றி ஓடுவார்கள், மேலே ஏறுவார்கள், சவால் விடுவார்கள். கடைசியில் தொடையில் அடி விழும். உள்ளே வைத்த சிவப்பு நீர் பொங்கும். திரௌபதி கூந்தல் முடிப்பாள். மண்ணுடம்பு ஒரு விரற்கடை கூட நகர்ந்திருக்காது. சுற்றி நிற்கும் ஆயிரம் பேரும் அவன் சாவதைப் பார்த்திருப்பார்கள். பின்னணி ஓட, உருவம் நிற்க, நடுவில் உள்ளதைக் கூட்டம் நிரப்பிக்கொள்ளும் வித்தை. வெர்தைமரின் கோடுகள் செய்ததை இங்கே களிமண் செய்கிறது.

இதனால்தான் தமிழில் இந்தக் கலைக்கு வைத்த பெயர்கள் மேல் எனக்கு ஒரு மனக்குறை. அசைவூட்டம், அசைபடம், இயங்குபடம் எல்லாம் புழக்கத்தில் இருக்கின்றன. பிழையான சொற்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சினிமா என்ற சொல்லே கிரேக்கத்தில் அசைவைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்ததுதான். ஓடும் படம் எல்லாமே அசைபடம்தானே? தோகா என்று ஜப்பானியர் வைத்துப் பார்த்த பெயரும் அதே இடத்தில் நின்று, கடைசியில் வெறும் வீடியோவுக்குப் போய்விட்டது. அனிமேஷன் என்ற சொல் பிடித்திருப்பது வேறு இழை. உயிரூட்டம் என்பது அதற்குச் சரியான தமிழ். எழுத்துக்கே உயிர் என்று பெயர் வைத்தவர்கள் படத்துக்கு வைக்கத் தயங்குவானேன்?

ஜப்பானிய பாணிக்கு அனிமே இருக்கட்டும். அதை மொழிபெயர்க்க வேண்டாம். அந்தச் சொல் அந்த வீட்டு முகவரியோடுதான் வருகிறது. பிள்ளைகள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள். ஷின்சான் தமிழில் வாயாடி இத்தனை ஆண்டு ஆகிறது. ஜப்பானிய இயக்குநர் யூகோ சாகோ நம் ஓவியர் ராம் மோகனோடு சேர்ந்து 1990-களின் தொடக்கத்தில் எடுத்த ராமாயண அனிமே, 2025 ஜனவரியில் தமிழ்க் குரலோடு திரையரங்குக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ‘டெமன் ஸ்லேயர்’ தமிழ் பேசியது. நடுவில் ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியப் போர்க்கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான்.

நீங்கள் செஞ்சிக்குப் போனால் ராஜகிரி ஏறுவதற்கு முன்பு வேங்கடரமணர் கோயில் கோபுர வாசலில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். பாற்கடல் கடையும் கட்டத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள். கையில் உள்ள செல்லின் விளக்கைப் போட்டு, சுவரை ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்து, மெல்ல மேலும் கீழும் நகர்த்துங்கள். தேவரும் அசுரரும் கயிற்றை இழுக்கும் கைகளின் நிழல் நகரும். சிற்பத்தை மட்டும் தொடாதீர்கள்.